கிளட்சின் மேல் ஒரு கால்

பிப்ரவரி 9, ஞாயிறு

ஷைனிக்குச் சிறுமலை வாழைப்பழம் வேண்டுமாம். ஐந்தாம் மாதம், மகள் கேட்டால் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான். மார்க்கெட்டிலேயே கிடைக்கும் என்றாள் அல்போன்சா. கார் வைத்திருக்கிறவன் மார்க்கெட்டில் வாங்குவானா? பூசை முடிந்ததும் மலைக்கே கிளம்பிவிட்டோம்.

ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி நினைவுபடுத்தினேன். "கோயில்ல கூட இம்புட்டுக் கெடுபிடி இல்ல" என்றாள். இருக்கட்டுமே. மாதா விண்ணேற்புத் திருநாளன்று பாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த வண்டி. ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. அதில் செருப்புக் காலை வைக்க மனசு வராது. நான் ஓட்டுவதே வெறுங்காலோடுதான்.

நாலைந்து வளைவுதான் தாண்டியிருப்போம், வண்டி ஏற மாட்டேன் என்றது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. ரப்பர் கருகின மாதிரி ஒரு நாற்றம். பயந்துபோய் மெல்லத் திருப்பி இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழத்தைக் கடைசியில் மார்க்கெட்டில்தான் வாங்கினோம். அல்போன்சா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வாரண்டி இருக்கிறது, கவலை இல்லை. ஜூனில் ஷைனியைத் தலைப்பிரசவத்துக்கு வேடசந்தூரிலிருந்து கூட்டி வர வேண்டும். நானே ஓட்டி வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. அவளைச் சுமந்தபோது அல்போன்சா பஸ்ஸில் நின்றுகொண்டேதான் தாய்வீடு போனாள். அது இன்னும் எனக்கு உறுத்தல். இந்த வண்டியை வாங்கியதே ஷைனியைக் கூட்டி வரத்தான் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

பிப்ரவரி 11

வண்டியை ஷோரூம் சர்வீஸில் விட்டேன். பவித்ரா என்று ஒரு பெண், சர்வீஸ் அட்வைசராம். ஷைனி வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டது. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். சர்க்கரை இல்லாமல் கேட்டேன், சர்க்கரையோடு வந்தது, குடித்தேன்.

பிப்ரவரி 14

டீயெல்லாம் முதல் நாள் மட்டும்தான் போலிருக்கிறது.

கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகிவிட்டதாம். அது வாரண்டியில் வராதாம். வண்டியில் கோளாறு என்றால் வருமாம், ஓட்டுகிறவர் பழக்கத்தால் தேய்ந்தால் வராதாம். எந்தப் பழக்கம் என்றேன். அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னது: "ஓட்டும்போது இடது காலை கிளட்ச் மேலயே வச்சிருக்கீங்க சார். லேசா அமுங்கிக்கிட்டே இருந்தாலும் பிளேட் தேஞ்சிரும்."

நான் வைப்பதில்லை. கியர் மாற்றியதும் காலை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவேன். டிரைவிங் ஸ்கூலில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. வாத்தியாராக இருந்தவன். 'லெப்ட்' என்றால் எந்தக் கால் எங்கே இருக்க வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனிடம், உன் கால் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது என்கிறார்கள்.

பணம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டி கியர்பாக்ஸைக் கழற்றிய நிலையில் அங்கேயே கிடக்கிறது.

பிப்ரவரி 20

மானேஜர் சிவபிரகாஷ் ஒரு யோசனை சொன்னார். அவர்களுடைய வேறொரு வண்டியை நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பார்க்கட்டுமே, எனக்கென்ன பயம்? பைபாஸில் கொஞ்ச தூரம் போனதும் "சார், கால் கிளட்ச் மேல இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். இருந்தது. ஆனால் அது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலையே முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பதறாது? பரீட்சை ஹாலில் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றால் தெரிந்த கணக்கும் தப்பாகப் போவதில்லையா?

அதையே அவரிடமும் சொன்னேன். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டார்.

மார்ச் 2, ஞாயிறு

மருமகன் பிரின்ஸ் வந்தார். கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு மெயில் எழுத வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். காரமான வார்த்தை வரும்போதெல்லாம் "மாமா, இதக் கொஞ்சம் கொறச்சுக்கலாமா" என்று கேட்டார். ஒன்றிரண்டைக் குறைத்தேன். பவித்ராவின் பெயரைப் போட வேண்டாம் என்றார். போடத்தான் வேண்டும் என்றேன். பொய் ரிப்போர்ட் எழுதியது யார்?

மார்ச் 8

மாத்திரை தீர்ந்து நாலைந்து நாளாகிறது. வாங்க வேண்டும்.

மார்ச் 12

இப்போதெல்லாம் செருப்பு சரியாகவே செய்வதில்லை. நாகல் நகரில் ரோட்டைத் தாண்டி வந்த பிறகு, பின்னால் வந்த ஒரு பையன் என் இடது செருப்பைக் கையில் கொண்டுவந்து கொடுத்தான். வார் தளர்ந்திருக்கும். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. காரும் சரியில்லை, செருப்பும் சரியில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அல்போன்சாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். வண்டி கொட்டகை ஓரத்தில் புழுதி மூடி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரிதான் போய்ப் பார்க்கிறேன். பார்த்ததும் ஆத்திரம் வந்துவிட்டது. பவித்ரா ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன், "பொய் எழுதி அந்தச் சம்பளத்துலதான் சோறு திங்கிறியா?"

அது கையிலிருந்த பேனாவை மூடியது, திறந்தது, மறுபடியும் மூடியது.

அல்போன்சா அங்கே என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ற ஆளு இல்ல" என்று மானேஜரிடம் அழுத்தமாகச் சொன்னாள். டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கி வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள், "அது நம்ம ஷைனி வயசுப் புள்ளங்க."

மார்ச் 24

அல்போன்சா இன்றும் அளந்துதான் பேசுகிறாள். ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அல்போன்சாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "பாதர் முத்தம் கொடுக்குற காலு, வெடிப்பெல்லாம் தேச்சு வையுங்க, பாவம் அவரு" என்றாள். பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். ஆண்டவருக்கு நன்றி.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஜெயித்தாயிற்று!

நேற்று இரவே மெயில் வந்திருக்கிறது, பிரின்ஸ் காலையில் போனில் படித்துக் காட்டினார். 'வாடிக்கையாளரின் மனநிறைவு கருதி' கம்பெனியே முழுச் செலவையும் ஏற்கிறதாம். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஷைனிக்குப் போன் போட்டேன். "அப்பாட்ட மோதுனா அவ்வளவுதான்" என்று சிரித்தாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம், எங்கப்பா வண்டியில வந்து கூட்டிட்டுப் போவார் என்று.

குருத்தோலையைச் சிலுவையாக மடித்து வைத்திருக்கிறேன். வண்டி வந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது.

பன்னிரண்டு பேரும் வெள்ளை வேட்டி சட்டையில் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடுத்து பூக்கடை பிராங்க்ளின். எங்கள் பங்கில் இரண்டு பாதத்தையும் கழுவுவது வழக்கம். பாதர் என் முன்னால் முழங்காலிட்டார். வலது காலில் தண்ணீர் ஊற்றினார். சில்லென்று இருந்தது. துண்டால் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார், அவர் தாடி குத்தியதுகூடத் தெரிந்தது. மனசு என்னவோ செய்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது காலை நீட்டினேன்.

தண்ணீர் விழும் என்று காத்திருந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தேன்.

பிராங்க்ளின் முழங்கையால் இடித்தார். "சார், காலை இறக்குங்க. பாதர் எங்கிட்ட வந்துட்டாரு."

கண்ணைத் திறந்தேன். இடது கால் ஈரமாக இருந்தது. விரல் இடுக்கில் தண்ணீர் நின்றது. ஊற்றி, துடைத்து, முத்தமிட்டு, எழுந்தும் போயிருக்கிறார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மீதிப் பூசையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். கைக்குக் கால் தெரிகிறது. காலுக்குக் கை தெரியவில்லை.

அல்போன்சா கேட்டாள், "எப்படி இருந்துச்சு?" நல்லாருந்துச்சு என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அந்தப் பெண் சொன்னது சரி. எடுத்துவிட்டேன் என்று நான் நினைத்திருக்கிறேன். கால் எடுக்கவே இல்லை. கழன்று விழுந்த செருப்பும் அப்படித்தான். நான் பொய் சொல்லவில்லை. அது மட்டும்தான் மிச்சம்.

காலையில் அல்போன்சா ஒருசந்தி நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அரிசியைக் கீழே வைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரலால் அழுத்தினாள். நகத்தால் கிள்ளினாள். "இங்க? இங்க தெரியுதா?"

"இல்ல."

"எத்தன நாளாங்க?"

"தெரியலையே அல்போன்சா. தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

காலை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். மாத்திரையை ஒழுங்காகப் போடாததற்கு, டீயில் சர்க்கரை குடித்ததற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பயமாக இருக்கிறது. ஷைனியை ஏற்றிக்கொண்டு இந்தக் காலோடு நாலுவழிச் சாலையில் வந்திருப்பேனே.

ஏப்ரல் 22

சர்க்கரை டாக்டரிடம் போனோம். கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொடுவாராம், தொடும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். வலது காலில் நடுநடுவே சொன்னேன். இடது காலுக்கு மாறினாரா இல்லையா என்பதே தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே கண்ணைத் திறக்கச் சொன்னார்.

சர்க்கரையால் நரம்பு செத்திருக்கிறது. திரும்ப வருமா என்று அல்போன்சா கேட்டாள். இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். வீட்டுக்குள்ளே கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், முள் ஏறினாலும் எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டக் கூடாது. அதைக் கடைசியாக, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பி.டி. வாத்தியார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரிட்டயர்டு என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 25

ஷோரூமுக்குப் போனேன். தனியாக. அல்போன்சா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

பவித்ரா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. வண்டி ரெடி சார் என்று சாவியை நீட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது, நான் மறுபடி கத்துவேன் என்று நினைத்ததோ என்னவோ. நடந்ததையெல்லாம் சொன்னேன். அன்றைக்குப் போலவே அத்தனை பேர் முன்னாலும்தான் சொன்னேன். "நீ எழுதுனதுதான் சரிம்மா. நான் பேசுனது தப்பு. மன்னிச்சுக்க."

அது சாவியை மேஜைமேல் வைத்தது. அப்புறம், "ரிப்போர்ட்ல டிரைவர் பழக்கம்னுதான் சார் எழுத முடிஞ்சுச்சு. உடம்புக்கு முடியாமன்னு தோணியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றது. வருத்தம் அதற்கு.

என் மெயிலால் அதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். அதை அது சொல்லவில்லை, மானேஜர்தான் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து, ரிப்போர்ட் சரி, புகார் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செலவையும் நானே கட்டுகிறேன் என்றதும் சிவபிரகாஷ் விழித்தார். கம்பெனி தருகிறேன் என்றதை வேண்டாம் என்கிற ஆளை அவர் பார்த்ததில்லையாம். எப்படி பில் போடுவது என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் போட்டார்.

வண்டியை அவர்கள் ஆள் ஒருவர் ஓட்டி வந்து வீட்டு வாசலில் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜூனுக்கு ஒரு வாடகை டிரைவரை ஏற்பாடு செய்யலாம் என்றேன்.

"அப்பா வண்டியில வாரேன்னு புள்ள தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. யாரோ ஓட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நான் கத்துக்கிறேன். ஸ்கூல் லீவுதானே விடுறாங்க" என்றாள் அல்போன்சா.

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர், ஐம்பத்தைந்து வயதில். ஸ்கூட்டியைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. சிரிக்கவில்லை நான். சிரித்திருந்தால் சாப்பாடு கிடைத்திருக்காது.

மே 9

அல்போன்சா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாயிற்று. சாயங்காலம் பங்குப் பள்ளி மைதானத்தில் நம் வண்டியில் பழக்குகிறேன். இன்று வண்டி ஆறேழு தடவை குலுங்கி நின்றது. "கிளட்ச், கிளட்ச்" என்று மைதானம் அதிரக் கத்திவிட்டேன். எஞ்சினை அணைத்தாள், சாவியை எடுத்தாள், இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வண்டியைக் காவல் காத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வந்தாள். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளையக்கூட நான் இப்படிக் கத்துனதில்ல" என்றாள். இனிமேல் கத்துவதில்லை.

மே 16

டாக்டர் சொன்ன மெத்துச் செருப்பு வந்துவிட்டது. வண்டியில் ஏறும்போது பழக்கத்தில் கழற்றப் போனேன். "போட்டுக்கிட்டே ஏறுங்க" என்றாள். தயங்கினேன். "மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். செருப்புக் காலை உள்ளே வைத்தபோது அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்துகொண்டிருந்தாள்.

மே 30

தினமும் என் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

ஜூன் 10

அல்போன்சாவுக்கு லைசென்ஸ் கையில் வந்தது. போட்டோ நன்றாக இல்லையாம். அதில் மட்டும்தான் குறை.

ஜூன் 14

நாளைக்கு வேடசந்தூர். ஷைனியிடம் இன்னும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்று அல்போன்சா கையைக் கழுவிவிட்டாள். என்னவென்று சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

அல்போன்சா ஓட்டினாள். நான் இடதுபக்கம். நாலுவழிச் சாலையில் லாரியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. பழைய மில் பஸ் ஒன்றுகூடத் தாண்டிப் போனது. "போகட்டும்" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மில் குவார்ட்டர்ஸ் வாசலில் ஷைனியும் பிரின்ஸும் நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேறு. ஷைனி வலதுபக்கக் கதவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அதைத் திறந்துகொண்டு அவள் அம்மா இறங்கினாள். ஆட்டிய கை அப்படியே நின்றது.

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அப்பாவுக்கு இடது காலு மரத்துப் போச்சும்மா. சர்க்கரை. நானே ஓட்டிட்டு வாரேன்னு சொன்னேன், முடியல."

ஷைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். செருப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. "அதான் வந்துட்டீங்கள்லப்பா" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் திரும்பி, "எங்கம்மா கார் ஓட்டுவாங்க" என்றாள். அப்படி ஒரு பெருமை அந்தக் குரலில்.

திரும்பும்போது பிரின்ஸ் பைக்கில் பின்னால் வந்தார். ஷைனி பின்சீட்டில் தலையணையை வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச தூரத்திலேயே தூங்கிவிட்டாள். ஊருக்குள் நுழைந்த பிறகு வேகத்தடைக்கு மேல் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் அல்போன்சா தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கிளட்சை மிதித்து, பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி வண்டியை ஏற்றி இறக்கினாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். ஷைனி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.